லாபம், ரெண்டு, மூணு

மாதலேன் அந்த ஓட்டுத் தொழிற்சாலையில் சொன்ன பொய் ஒரே ஒரு சொல். "தெரியும்" என்றாள்.

கேட்டவர் ஆந்துவான். புதுச்சேரிக்காரர். சைகோன் வாய்க்கால் கரையில் ஒரு பிரெஞ்சு முதலாளி நடத்திவந்த பச்சை நிறக் கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். மேஸ்திரி என்று கூப்பிட்டால் காது கேளாத மாதிரி நடந்துவிடுவார். கொந்த்ருமேத்ரு என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். வாய் வராதவர்கள் முசே என்றாவது சொல்ல வேண்டும். அன்று காலை அவர் மெருகுக் கொட்டகை வாசலில் நின்று, உள்ளறையில் வெறுமையாகக் கிடந்த மூங்கில் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெருகு கலக்கிவந்த சீனர் முதலாளியோடு வாய்த்தகராறு செய்துவிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வடக்கே லாய்த்தியூ சூளைகளுக்குப் போய்விட்டார். கலவையின் அளவை யாருக்கும் சொல்லவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர் அதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா என்ன.

"எட்டு மாசமா அந்த ஆளுக்குச் சாம்பல் கழுவிப் போட்டது யாரு?"

"நான்தான் முசே."

"அப்ப அளவு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

முற்றத்தில் ஓடுகளுக்கு இடையே வைக்கோல் திணித்துக் கட்டிக்கொண்டிருந்த மார்கரித் வாய்விட்டுச் சிரித்தாள். "சோய் ஓய், கடவுளே! காரைக்காலுக்குத் தெரியுமாம். ட்ராம்ல சீட்டு வாங்கத் தெரியாது, மெருகு கலக்கத் தெரியுமாம்."

மார்கரித் மாதலேனுக்கு நாத்தனார், செத்துப்போன புருஷனின் அக்கா. வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, தம்பி பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. காரைக்கால் என்றுதான் அழைப்பாள். மார்கரித் சைகோனிலேயே பிறந்தவள். தகப்பன் சுங்கக் கச்சேரியில் குமாஸ்தா. உள்ளூர் அன்னாமிய மொழியைச் சந்தைக்காரிகளே தோற்றுப்போகிற மாதிரிப் பேசுவாள். பிரெஞ்சில் ஜெபம் சொல்லுவாள். தமிழை வசவுக்கு வைத்திருந்தாள். அவள் தம்பி இக்னாஸ் ட்ராம் கண்டக்டர். சைகோனில் எத்தனையோ கிறிஸ்தவப் பெண்கள் இருக்க, கப்பலேறி காரைக்காலுக்குப் போய், பிரெஞ்சில் நாலு வார்த்தை தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆறு வருஷம் குடும்பம் நடத்தினான். பிள்ளை இல்லை. போன வருஷம் காலராவில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று நாளும் அவனுக்கு யார் கஞ்சி கொடுத்தது, அந்தக் கஞ்சிக்குத் தண்ணீர் கொதித்ததா இல்லையா என்ற பேச்சு இன்னும் அந்த வீட்டில் முடியவில்லை.

வீடு மார்கரித் பெயரில் இருந்தது. அரிசிப் பானையின் பூட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. மாதலேனின் அண்ணன் காரைக்காலிலிருந்து எழுதியிருந்தான். வந்துவிடு, என் பெண்டாட்டிக்கு முதுகுவலி, அடுப்படிக்கு ஆள் வேண்டும். மார்கரித் அந்தக் கடிதத்தை மேசைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஒரு கோப்பையை வைத்து, மூன்று வாரமாக அப்படியே வைத்திருந்தாள்.

ஒரு கரண்டியை விட்டு இன்னொரு கரண்டி. அதற்கு எதற்குக் கப்பல் என்று மாதலேன் நினைத்தாள். அவள் கண் அந்த மூங்கில் கட்டில்மேல் இருந்தது. கட்டில்மேல்கூட இல்லை, அறையின் கதவுமேல். மெருகு கலக்குகிறவருக்குக் கொட்டகையை ஒட்டிய அறை உண்டு. பலகைக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், மூலையில் ஒரு மண் அடுப்பு. அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் தெரியும் என்றாள்.

"மூணு சூளை தர்றேன்" என்றார் ஆந்துவான். "மூணுல ஒண்ணு சரியா வரணும். வந்தா அறை உனக்கு. வரலேன்னா, மதாம் இக்னாஸ், துறைமுகத்துக்கு நானே ரிக்ஷா பிடிச்சு விடுறேன்."

மதாம் இக்னாஸ் என்று அவர் சொல்வதில் மரியாதை இல்லை. முற்றத்தில் இருந்த அன்னாமியப் பெண்கள்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

*

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

பச்சை ஓட்டின் மேலே கண்ணாடி மாதிரி உருகிப் படிந்திருக்கிறதே, அதுதான் மெருகு. அதில் சேருகிற சாமான்கள் எல்லாம் மாதலேனின் கைபட்டவை. உமியை எரித்த வெள்ளைச் சாம்பல், விறகுச் சாம்பல், பாலாடை போன்ற வெள்ளை மண், சிப்பிச் சுண்ணாம்பு. நான்கையும் கழுவி, துணியில் வடித்து, காயவைத்து, வரிசையாக நான்கு சாடிகளில் நிரப்பி வைப்பது அவள் வேலை. பச்சை நிறத்துக்குக் கன்னார் பட்டறையிலிருந்து வரும் செம்புச் செதிலை அம்மியில் அரைத்து ஒரு சிரட்டை. அதையும் அவள்தான் அரைத்தாள். கலக்கும்போது மட்டும் சீனர் பாயைத் தொங்கவிட்டுவிடுவார். பாய்க்கு அந்தப்பக்கம் அவர். இந்தப்பக்கம் தொட்டியில் கைவிட்டபடி அவள்.

ஆனால் காதுக்குப் பாய் கட்ட முடியாது. ஒவ்வொரு படியையும் கொட்டிவிட்டு அவர் மரப்படியைக் கலவை சேர்க்கும் பெரிய மண்சாலின் விளிம்பில் தட்டுவார். டக். முதல் சாடிக்கு எட்டு டக். இரண்டாவது சாடிக்கு நாலு. மூன்றாவதுக்கு ஆறு. கடைசிக்கு ஒன்றே ஒன்று. சாடிகளின் வரிசை அவளே வைத்தது. எட்டு மாதத்தில் எண்ணிக்கை ஒரு தடவைகூட மாறவில்லை. லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று சாம்பல் தண்ணீருக்குள் விரலை மடக்கி எண்ணுவாள். அவளுக்கு அதில் திருட்டு எண்ணம் எதுவும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் அம்மி சத்தம் கேட்டால் என்ன அரைக்கிறார்கள் என்று நினைக்கமாட்டோமா, அதுபோலத்தான்.

முதல் தடவை அவளே தனியாகக் கலந்தாள். உமிச் சாம்பல் எட்டு, விறகுச் சாம்பல் நாலு, மண் ஆறு, சுண்ணாம்பு ஒன்று, மேலே செம்பு ஒரு சிரட்டை. படியைச் சாடியில் அமுக்கி, கோபுரமாகக் குவித்து எடுத்துக் கொட்டினாள். பிறந்த வீட்டில் அரிசியையும் நெல்லையும் அப்படி அளந்துதான் பழக்கம். விளிம்போடு வழித்து, தலையைத் தட்டி அளந்து கொடுக்கிறவளை அவள் ஊரில் கஞ்சப்பேய் என்பார்கள்.

ஓடுகளை முக்கி, அடிப்பாகத்தைத் துணியால் துடைத்து, அடுக்கக் கொடுத்தாள். சூளை இரண்டு நாள் எரிந்து மூன்று நாள் ஆறியது. வாயைப் பிரித்ததும் ஆந்துவான் ஓர் ஓட்டை எடுத்து வெயிலில் காட்டினார். பச்சை இல்லை, பளபளப்பும் இல்லை. காய்ந்துபோன குளத்து அடிபோலச் சொரசொரவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னா?"

மாதலேன் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கோழி எச்சம்" என்றாள் மார்கரித், தள்ளி நின்றபடி. அன்னாமியப் பெண்களுக்கும் அதை அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒண்ணு போச்சு" என்றார் ஆந்துவான்.

அன்று வீட்டில் மார்கரித் உற்சாகமாக இருந்தாள். மீன் வாங்கி வந்திருந்தாள். "கப்பல் பதினெட்டாம் தேதியாம்" என்றாள், முள்ளைத் துப்பியபடி. "மூணாங் கிளாஸ்ல மேல்தட்டு நல்லதுன்றாங்க. காத்து வரும்."

"நீங்களே போய்ட்டு வாங்க அண்ணி. காத்து உங்களுக்குத்தான் வேணும்."

"நான் எதுக்குடி போவணும்? என் ஊரு இது."

மறுநாள் மாதலேன் கலவை இருந்த சாலைக் கழுவினாள். படியோடு கிடந்த தட்டையான மூங்கில் குச்சியையும் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். கலக்குகிற குச்சி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முதல் கலவையை அதனால்தான் கலக்கியும் இருந்தாள். கையில் பிடித்துத் தேய்க்கும்போதுதான் தெரிந்தது, குச்சியின் நுனி தேயவில்லை. ஒரு பக்க விளிம்பு முழுக்க, கத்தியால் சீவிய மாதிரி, நேராகத் தேய்ந்திருந்தது. கலக்கினால் நுனி அல்லவா தேய வேண்டும்?

படியின் வாய்மேல் குச்சியை வைத்துப் பார்த்தாள். தேய்ந்த இடமும் படியின் அகலமும் சரியாக இருந்தன. மெதுவாக இழுத்தாள். சர்ர்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எட்டு மாதம் கேட்ட சத்தம். சர், டக். சர், டக். சீனருக்குத் தொண்டையில் சளி என்று நினைத்திருந்தாள். பாவி மனுஷன் ஒவ்வொரு படியையும் தலைதட்டி அளந்திருக்கிறார்.

உட்கார்ந்து யோசித்தாள். குவித்து அளந்தால் எல்லாமே கூடத்தானே போகும், அதில் என்ன கெட்டுவிடும்? உமிச் சாம்பலை ஒரு படி குவித்தாள். மண்ணை ஒரு படி குவித்தாள். உமிச் சாம்பல் பஞ்சு மாதிரி. படிக்கு மேலே இன்னொரு படி நின்றது. மண் கனம், அதன் கோபுரம் சரிந்து சரிந்து கால் படிகூட நிற்கவில்லை. எட்டு என்று அவள் போட்டது பதினைந்து. ஆறு என்று போட்டது ஏழு. உருகாத சாம்பலை அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டு ஓடு ஏன் மினுக்கவில்லை என்று நின்றிருக்கிறாள். தாராளமாக அளந்ததால் கெட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் இன்னும் சிலவற்றைக் கண்டுபிடித்தாள். கலவையைச் சும்மா வைத்தால் கனமானதெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஓட்டை முக்கும் முன்னும் அடியைத் துழாவிக் கலக்க வேண்டும். பதம் பார்க்க விரலை முக்கி எடுக்க வேண்டும். நகத்தின் பிறை தெரிந்தால் நீர்த்திருக்கிறது, நகமே தெரியாவிட்டால் கெட்டி. ரசத்துக்கும் தோசைமாவுக்கும் நடுவில் ஒரு பதம். சமைத்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் கை போய்விட்டது. சாம்பல் தண்ணீரின் காரத்தில் விரலிடுக்குகள் முன்பே வெடித்திருந்தன. இப்போது வெடிப்புக்குள் சுண்ணாம்பு ஏறி, இரண்டு கையும் வீங்கிக்கொண்டன. தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வந்தவளை ஆந்துவான் பார்த்தார்.

"இந்தக் கையால படி பிடிப்பியா?"

"பிடிப்பேன்."

"பிடிச்சு கீழ போடுவே. மார்கரித்! வைக்கோலை வெச்சுட்டு வா. இவ சொல்றதை அளந்து கொட்டு."

"நானா? இவளுக்கா? முசே, நான் கட்டுற வேலைக்கு வந்தவ."

"நான் உன்கிட்ட வேலை என்னான்னு கேக்கலை."

*

மார்கரித் கொட்டகைக்குள் முக்காட்டை இழுத்து மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாம்பலைப் பார்த்ததும், "இதைத்தான் எட்டு மாசமா என் வீட்டுக்குள்ள கால்ல கொண்டாந்தியா?" என்றாள்.

"எட்டு, நாலு, ஆறு, ஒண்ணு" என்றாள் மாதலேன். "இந்தச் சாடியிலேர்ந்து ஆரம்பிங்க. குச்சியால தலைதட்டணும். குவிக்கக் கூடாது."

"தலைதட்டுறது எனக்குச் சொல்லித் தர்றியா? உன் புருஷன் இருக்கும்போதே நான்தான் அந்த வீட்டுக்கு அரிசி அளந்தவ."

மார்கரித் படியில் அள்ளினாள், குச்சியை இழுத்தாள், சாலில் கொட்டினாள். "ஒண்ணு" என்றாள்.

மாதலேன் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அரிசி அளக்கும்போதும் மார்கரித் இப்படித்தான் எண்ணுவாள். ஏழு வருஷமாகக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறாள். காரைக்காலில் நெல் அளக்கிறவன், அரிசி அளக்கிறவள், உப்பு அளக்கிறவன், இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டான். லாபம் என்பான். அடுத்தது ரெண்டு. வீட்டுக்குள் எப்படியோ போகட்டும்; ஆனால் இது அவளுடைய சூளை, அவளுடைய கதவு.

"அண்ணி, ஒண்ணுன்னு ஆரம்பிக்காதீங்க."

"பின்ன?"

"லாபம்னு சொல்லணும்."

"என்னாது?"

"லாபம். அளக்குறப்ப அதைத்தான் முதல்ல சொல்லணும். விளங்கணும்ல? அந்தப் படியை எடுத்துத் திரும்ப சாடியிலயே கொட்டிட்டு முதல்லேர்ந்து—"

"மதாம் இக்னாஸ்!" வெளியிலிருந்து ஆந்துவான் குரல் கொடுத்தார். முக்க வேண்டிய ஓடுகள் வந்து இறங்கியிருந்தன. உடைசலைப் பார்த்து ஒதுக்க வேண்டும்.

மாதலேன் வாசலில் நின்று திரும்பினாள். "லாபம் சொல்லிட்டு அப்புறம் எண்ணுங்க. நாலு சாடிக்கும் அப்படித்தான். மறந்துடாதீங்க அண்ணி."

"போடி. உன் ஊர்ப் பேயெல்லாம் எனக்குத் தெரியும்."

ஓடுகளைப் பிரித்து வைத்துவிட்டு அவள் திரும்பியபோது நாலு சாடியும் அளந்து முடிந்திருந்தன. மார்கரித் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ சொன்ன மாதிரியே போட்டாச்சு. நாலுக்கும் சொல்லியாச்சு" என்றாள். தண்ணீர் ஊற்றிக் கலக்கியபோது சாலில் கலவை வழக்கத்தைவிட உயரமாக நின்றது. தண்ணீர் கூடிவிட்டது என்று மாதலேன் நினைத்தாள். விரலை முக்கிப் பார்த்தாள். துணி சுற்றாமல் விட்டிருந்த ஒரே விரல். பதம் சரியாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் சூளை வாயைப் பிரித்தார்கள். ஆந்துவான் முதல் ஓட்டை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஓடும் அதன் அடியிலிருந்த தாங்கியும் அதற்கடியிலிருந்த ஓடும் ஒரே துண்டாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. மெருகு உருகி வழிந்து, எச்சில் ஒழுகினதுபோல நூல்நூலாக இறங்கி, எல்லாவற்றையும் ஒட்டிவைத்திருந்தது. பச்சை நல்ல பச்சை. மாமர இலைப் பச்சை. ஓடு மட்டும் ஒன்றுகூடத் தனியாக இல்லை.

நானூறு ஓடுகளைச் சுத்தியலால் உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மாதலேன் நேராக வைக்கோல் கட்டுகளிடம் போனாள். "என்னா போட்டீங்க அதுல?"

"என்னாடி?"

"என்னாத்தைக் கலந்தீங்கன்னு கேக்குறேன். நான் ஓடிப்போவணும், அவ்ளோதான உங்களுக்கு? அதுக்கு நானூறு ஓட்டையா பலி குடுக்கணும்? கோப்பையைத் தூக்கிட்டு அந்தக் காயிதத்தை என் மூஞ்சில எறிஞ்சிருக்கலாமே!"

"பாத்துப் பேசு."

"முசே, இவங்கதான் கெடுத்தது. வேணும்னே கெடுத்தது. இவங்க தம்பியை நான் கொன்னேன்னு ஊர்பூரா சொன்னவங்க, இதைச் செய்ய மாட்டாங்களா?"

முற்றத்தில் தமிழ் தெரியாதவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆந்துவான் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மார்கரித், உண்மையா?"

மார்கரித் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "படியைக் கொண்டாரச் சொல்லுங்க. உங்க முன்னாடியே அளக்குறேன். சொன்னதைச் சொன்னபடி செஞ்சேன். ஏழு வருஷத்துல இவ சொல்லி நான் செஞ்சது அது ஒண்ணுதான். எனக்கு நல்லா வேணும்."

கொட்டகைக்குள் மூவரும் போனார்கள். மார்கரித் சுண்ணாம்புச் சாடியைத் திறந்தாள். "இது எத்தனை? ஒண்ணு. சரியா?" ஒரு படி எடுத்தாள், தலைதட்டினாள், வெறும் சாலில் கொட்டினாள். "லாபம்" என்றாள். இன்னொரு படி எடுத்தாள், தலைதட்டினாள், கொட்டினாள். "ஒண்ணு." படியைக் கவிழ்த்து வைத்தாள். "இதுல என்னா தப்பு?"

மாதலேன் சாலுக்குள் இருந்த இரண்டு வெள்ளைக் குவியல்களையே பார்த்தாள்.

"லாபம்னா நீங்க என்னான்னு நினைச்சீங்க?"

"காய்க்காரி கருவேப்பிலை போடுறாளே, அது. உங்க ஊர் சாமிக்கோ பேய்க்கோ மேல ஒரு படி. எனக்கென்ன தெரியும்? லாபம் சொல்லிட்டு அப்புறம் எண்ணுன்னியா இல்லையா?"

சொன்னாள். அதே வார்த்தைகள். எட்டு ஒன்பதானதும், ஆறு ஏழானதும், நாலு ஐந்தானதும்கூடப் பெரிதில்லை. ஒன்று இரண்டாகிவிட்டது. சுண்ணாம்பு இரட்டிப்பானால் மெருகு தண்ணீராக ஓடும். அதுவும் இப்போதுதான் தெரிந்தது.

ஆந்துவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் புதுச்சேரிக்காரர். அவர் வீட்டிலும் லாபம் என்றுதான் அளந்திருப்பார்கள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"அப்ப யாரு மேல தப்பு?"

இங்கே மாதலேன் ஒரு நிமிஷம் சும்மா நின்றாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மார்கரித் மேல் என்று சொல்லியிருந்தால் ஆந்துவான் நம்பியிருக்கமாட்டார், ஆனால் ஏற்றுக்கொண்டிருப்பார். முதலாளியிடம் சொல்ல அவருக்கும் ஒரு தலை வேண்டியிருந்தது. உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. தாழ்ப்பாள் தெரிந்தது.

"நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க" என்றாள் மாதலேன். நல்ல மனசோடு சொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"திருடிங்கிறதைத் திரும்ப எடு" என்றாள் மார்கரித்.

"திருடின்னு சொல்லல. கெடுத்தீங்கன்னு சொன்னேன்."

"அதை எடு."

"எடுத்துட்டேன்."

"கொலைகாரின்னு நான் ஊர்ல சொல்லல. தண்ணி கொதிக்கலைன்னுதான் சொன்னேன். அது உண்மை."

"கொதிச்சுச்சு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றார் ஆந்துவான்.

*

மூன்றாவது சூளையை அவர் கருணையால் கொடுக்கவில்லை. லாய்த்தியூவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். முதலாளி நேரில் வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்று சீனர் சொல்லி அனுப்பினார். முதலாளி ஒரு சீனன் வாசலுக்குப் போகிற ஆள் இல்லை. மழைக்கு முன்னால் கூரை போட வேண்டிய ஒரு வீட்டுக்கு ஓடு போயாக வேண்டும்.

"உனக்காக இல்ல" என்றார் ஆந்துவான். "இந்தத் தடவையும் மார்கரித்தான் அளப்பா. கெட்டா ரெண்டு பேரும் வெளியே. அப்பத்தான் ரெண்டு பேருக்கும் கண்ணு சரியா தெரியும்."

கொட்டகைக்குள் இரண்டு பெண்களும் சாலின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். மாதலேன் இம்முறை வெளியே போகவில்லை. முதலாளியே கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டாள்.

"ஒண்ணுன்னே எண்ணுங்க" என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு நாக்கு கூசியது.

"மாட்டேன்."

"என்னா அண்ணி?"

"நான் ஒண்ணும்பேன், சூளை கெடும், முதல்ல லாபம்னு சொல்லலை, அதான் விளங்கலைன்னு சொல்லுவே. உன்னை எனக்குத் தெரியாதா? லாபம்னே சொல்றேன். லாபம்தான் ஒண்ணு, அப்புறம் ரெண்டு. அவ்ளோதான? கத்துக்கிட்டேன்."

"வேண்டாம். உங்களுக்குப் பாதியில மறந்துடும்."

"எனக்கா மறக்கும்?"

ஓடுகளோடு உள்ளே வந்த ஆந்துவான் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பிரெஞ்சுல எண்ணித் தொலைங்க! அன், தே, த்ருவா. அதுல ரெண்டு பேருக்கும் சண்டை போடத் தெரியாதுல்ல?"

அதில் உண்மை இருந்தது. மாதலேனுக்குப் பிரெஞ்சு போதாது. மார்கரித்துக்கு அது ஜெப மொழி. அன் என்று மார்கரித் சொன்னாள், சர், டக். தே, சர், டக். எட்டு, நாலு, ஆறு. சுண்ணாம்புச் சாடி வந்ததும் இருவரும் சாலுக்குள் குனிந்து பார்த்தார்கள். "அன்" என்றாள் மார்கரித். படியைக் கவிழ்த்துத் தூர வைத்தாள். மாதலேன் சுண்ணாம்புச் சாடியை மூடி, மூடிமேல் ஒரு கல்லையும் வைத்தாள்.

இந்தத் தடவை அவள் சூளையின் பார்வைத் துளைக்கு நேரே கலவை தடவிய ஓட்டுச் சில்லுகள் ஐந்தை நிறுத்தி வைத்திருந்தாள். சீனர் அப்படிச் செய்ததில்லை, அவருக்குத் தேவையிருக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நீளக் கம்பியால் ஒரு சில்லை இழுத்தாள். சிவந்து வந்தது, வாய்க்கால் தண்ணீரில் போட்டதும் சீறியது, கறுத்தது, பிறகு பச்சையானது. ஆனால் சொரசொரப்பு. "இன்னும் எரிக்கணும்" என்றாள். விறகு போடுகிறவன் மார்கரித்தைப் பார்த்தான். மார்கரித் அவள் சொன்னதை அவனுக்கு அன்னாமியத்தில் சொன்னாள், கூடவே ஒரு வசவையும் சேர்த்து. மூன்றாவது சில்லு வழவழப்பாக வந்தது. போதும் என்றாள்.

சூளை திறந்தபோது ஓடுகள் தனித்தனியாக வந்தன. பின்வரிசையில் நூறுக்குமேல் மங்கல். நெருப்பு எட்டாத இடம். மற்றவை பச்சை. போன தடவைபோல மாமர இலைப் பச்சை அல்ல, கொஞ்சம் பழுப்புக் கலந்த பச்சை. ஆந்துவான் ஓர் ஓட்டை நகத்தால் சுரண்டினார், தட்டிப் பார்த்தார், நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தார்.

"சீனன் போட்டது இதைவிட நல்லாருந்துச்சு" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து ஓட்டின்மேல் வைத்து நீட்டினார்.

மாதலேன் அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள். மார்கரித் அரிசிப் பானையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கோப்பையும் கடிதமும் அப்படியே இருந்தன. மாதலேன் கோப்பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அது அவள் கல்யாணத்துக்கு வந்த கோப்பை. கடிதம் காற்றில் பறந்து கட்டிலுக்கடியில் போயிற்று. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அறை அவளுக்குக் கிடைத்தது. ஆனால் கை முழுசாக ஆறவே இல்லை. படி பிடிக்க ஆள் வேண்டியே இருந்தது. ஆந்துவான் வேறு ஆளைப் போட மறுத்துவிட்டார். "ஒருத்திக்குச் சொல்லிக்குடுத்ததுக்கே நானூறு ஓடு. இன்னொருத்திக்கு எவன் குடுப்பான்?" ஆகவே எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாதலேன் ஆசைப்பட்டாளோ அந்தக் கதவைத் தினமும் காலை ஏழு மணிக்கு மார்கரித் வந்து தட்டினாள். தட்டும்போதே, "ஏ காரைக்கால், இன்னும் தூக்கமா?" என்பாள். சாலைக் கழுவியது போதாது என்பாள். அறையில் மீன் நாற்றம் என்பாள். மாதலேனும் சும்மா இருக்கமாட்டாள். படியில் தலை சரியாகத் தட்டவில்லை என்று அளந்ததைத் திரும்பக் கொட்டவைப்பாள்.

மழை தொடங்கிய வாரம் இருவரும் சாலருகே நின்றார்கள். மார்கரித் முதல் படியைத் தலைதட்டிக் கொட்டினாள்.

"அன்" என்றாள் உரக்க.

மாதலேனின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

மார்கரித் படியைப் பாதியில் நிறுத்தினாள். "என்னாடி முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள் மாதலேன். "அடுத்ததைப் போடுங்க."